சுவரைத் தாண்ட லிங்கன் வழி

நாட்டிங்காம், பிரெஞ்சுப் பக்கம்
புனித மிக்கேல் திருநாள் கழிந்த வாரம்

லிங்கனில் வாழும் தங்கை குன்னில்டுக்கு அண்ணன் சிவார்டின் ஆசி. நீயும் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் அவிஸும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? படகுக்காரர் ஓர்மிடம் கம்பளித் துணி ஒரு துண்டு கொடுத்திருக்கிறேன், சுற்றிக்கொள். யாரும் வாங்காத நிறம்தான், ஆனால் நல்ல கனம்.

விஷயத்துக்கு வருகிறேன். மூத்தவன் ரோஜர் கடல் தாண்டி ரூவான் நகரில் மாமனார் வீட்டோடு நன்றாக இருக்கிறான். ஒயின் வியாபாரி ஒருவரிடம் சொல்லியனுப்பியிருக்கிறான்: இனி இங்கே திரும்ப மாட்டானாம், எனக்குப் பிறகு வீடும் கடையும் தன் கைக்கு வந்ததும் விற்றுவிடுவானாம். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. சட்டம் அப்படி. நம் தாத்தா காலத்தில் நார்மன்கள் வந்து மலைமேல் கோட்டை கட்டினார்கள், சந்தை நடுவே சுவர் எழுப்பி ஊரை இரண்டாக வகிர்ந்தார்கள், சுவருக்கு இந்தப் பக்கம் மூத்தவனுக்கே வீடு என்று தங்கள் ஊர் வழக்கத்தையும் கொண்டுவந்து வைத்தார்கள். ஆனால் கடையைத் தூக்கி நிறுத்தியவன் இளையவன் வாரின். மீசை முளைக்கும் முன்பே துணி மூட்டை சுமந்தவன். இப்போது அவன் மனைவி பிள்ளை உண்டாகியிருக்கிறாள். நான் கண்ணை மூடினால் அவர்கள் தெருவில் நிற்பார்கள்.

எங்கள் பக்கத்து மணியக்காரரிடம் கேட்டேன்.

"வாரின் பேருக்கே குடுத்துடறேனே?"

"மூத்தவன் சரின்னு சொல்லணும்யா."

"சொல்ல மாட்டான்."

"அப்ப குடுக்க முடியாது. வேணும்னா வேற வீட்டோட மாத்திக்க. வீட்டுக்கு வீடு ஈடாயிடும், யார் சம்மதமும் வேண்டாம்" என்றவர் சிரித்தார். "ஆனா எந்தக் கிறுக்கன் மாத்திக்குவான்?"

அவருக்கு அது சிரிப்பு. எனக்கு அது சரக்கு. சுவருக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ் பக்கத்தில், நம் பழைய வழக்கப்படி கடைசிப் பிள்ளைக்குத்தான் வீடு. அங்கே தம்பி அல்ரிக்குக்கும் இதே தலைவலி, தலைகீழாக. அவனோடு உட்கார்ந்து சேணம் தைப்பவன் மூத்தவன் தொரால்ட். வீடு வரப்போவதோ இளையவன் கில்பர்டுக்கு. அவன் கோட்டைக் காவலர்களோடு பகடை ஆடித் தோற்கிறான் என்று சந்தையில் பேச்சு. நாங்கள் வீடு மாற்றிக்கொண்டால் அல்ரிக்கின் வீடு என் இளையவனுக்கு வரும், என் வீடு அவன் மூத்தவனுக்குப் போகும். கவிழ்ந்து கிடக்கும் இரண்டும் நிமிரும்.

என் கடை வாசலில் நின்றால் அல்ரிக்கின் வீட்டுக் கூரை தெரிகிறது. ஆனாலும் இந்தப் பேச்சு ஆற்றோடு லிங்கன் போய், லிங்கனிலிருந்து திரும்பி வந்துதான் சுவரைத் தாண்ட வேண்டும். நீ கேட்டுப் பார்.

உன் நலம் எழுது.
சிவார்ட்

*

லிங்கன்
சகல புனிதர் திருநாள்

அண்ணனுக்குக் குன்னில்ட் வணக்கம். இங்கே அனைவரும் சுகம். முழங்கால் தேவலை. துணியின் நிறத்தைப் பார்த்து என் மாமியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

நான் சொல்லச் சொல்ல எங்கள் பங்குச் சாமியார் எழுதுகிறார். அதனால் உன்னைத் திட்ட நினைத்ததில் பாதியைத்தான் திட்ட முடியும்.

கடிதத்தை அவர் வாசிக்கக் கேட்டேன். "அல்ரிக்கின் வீடு" என்று எழுதியிருக்கிறாய். "அப்பா வீடு" என்று ஓர் இடத்திலும் காணோம். நாம் மூன்று பேரும் அந்தக் கூரைக்குக் கீழேதானே பிறந்தோம்? அப்பா போனதும் வழக்கப்படி வீடு கடைக்குட்டிக்குப் போயிற்று. நீ அன்றைக்கே ஒரு துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரைத் தாண்டிப் போனாய். அங்கே சம்பாதித்தாய், அங்கே வீடு வாங்கினாய், நார்மன் வீட்டுப் பெண்ணைக் கட்டினாய். எல்லாம் சரி. அந்த வீடு உனக்கு வேண்டுமா, வேண்டாமா? அதைச் சொல்லிவிட்டு மாற்றுவதைப் பற்றிப் பேசு.

இன்னொன்று. சந்தையில் கோட்டைப் பக்கம் நல்ல இடமெல்லாம் உனக்குக் கிடைக்குமாம். இருந்தும் சனிக்கிழமை தோறும் உன் கடையைச் சுவரை ஒட்டியே போடுகிறாயாம். சுவருக்கு அந்தப் பக்கம் அதே இடத்தில் யார் சேணம் விற்கிறான் என்று எனக்குத் தெரியும். ஏன் அங்கே போடுகிறாய், அண்ணா?

தம்பிக்கு எழுதுகிறேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.
குன்னில்ட்

*

நாட்டிங்காம், இங்கிலீஷ் பக்கம்
புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்

அக்காவுக்கு அல்ரிக். சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். மார்ட்டின் திருநாளுக்குப் பன்றி வெட்டி உப்புப் போட்டாயிற்று. தொடை ஒன்று ஓர்மிடம் வருகிறது.

உங்கள் பிரெஞ்சுக்கார அண்ணன் சொல்லியனுப்பியதைக் கேட்டேன். அவன் கெட்டிக்காரன், நான் மடையன் என்று ஊரே சொல்லும். ஆனால் இந்த மடையனுக்கும் ஒன்று தெரிகிறது. அவனுக்கு வேண்டியது அப்பா வீடு. அன்றைக்குக் கிடைக்காததை இன்றைக்கு மகன் பேரைச் சொல்லி எடுக்கப் பார்க்கிறான். துணி விற்கிறவன் அல்லவா, அழகாக மடித்து நீட்டுகிறான்.

அந்தப் பக்கம் போய் நான் வாழ்வதா? நாங்கள் பட்டாணிக் கஞ்சி குடிக்கிறவர்கள். அங்கே முயல் தின்கிறார்கள். நம் நாட்டில் இருந்த பிராணியா அது? கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து மேட்டில் குழி தோண்டி வளர்க்கிறார்கள், பார்க்க எலி மாதிரி இருக்கிறது. சாகும்வரை என் வாயில் படாது.

"நீ தைக்கிற சேணத்துல உக்கார்றவன் எல்லாம் யாராம்?" என்று தொரால்ட் கேட்கிறான். கோட்டைக் குதிரை வீரர்கள் என் சேணம் வாங்குவது வேறு, நான் அவர்கள் சட்டத்துக்குள் போய் உட்காருவது வேறு.

தொரால்ட் நன்றாக வேலை செய்கிறான். கில்பர்டும் சுகம்.
அல்ரிக்

*

லிங்கன்
ஆண்டவர் வருகைக்காலம் முதல் ஞாயிறு

அண்ணனுக்கு. இங்கே எல்லோரும் சுகம், அங்கேயும் அப்படியே இருக்கட்டும். அல்ரிக்கின் கடிதத்தை அப்படியே வைத்து அனுப்புகிறேன். மெழுகித் துடைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. படித்துவிட்டு அடுப்பில் போடு.

கடைசி இரண்டு வரியை மட்டும் திரும்பப் படி. தொரால்ட் நன்றாக வேலை செய்கிறான். கில்பர்ட் சுகம். ஒருவனுக்கு வேலை, ஒருவனுக்குச் சுகம் மட்டும். தம்பிக்கும் பயம் இருக்கிறது, அண்ணா.

உடனே பதில் எழுது. குளிர் முற்றினால் படகு நிற்கும்.
குன்னில்ட்

*

லிங்கன்
மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து

அண்ணா, நலமா? கிறிஸ்து பிறப்பும் போயிற்று, ஒரு வரி வரவில்லை. படகு வரும் கால்வாய் உறைந்ததுதான் காரணம் என்று இருந்தேன். ஆனால் உப்பு வண்டிகள் சாலையில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கோபமா? அல்ரிக் சொன்னது சுட்டதா? கோபமென்றால் கோபம் என்றாவது எழுது.
குன்னில்ட்

*

நாட்டிங்காம்
புனித ஆக்னஸ் திருநாள்

தங்கைக்கு. சுகம். இருமல் கொஞ்சம் உண்டு, இந்தக் குளிரில் யாருக்கு இல்லை.

அல்ரிக் எழுதியது உண்மை. அப்பா வீடு எனக்கு வேண்டும். வேண்டாம் என்று சொல்ல நான் என்ன மடத்துத் துறவியா? ஆனால் வேண்டும் என்பதால் கணக்குத் தப்பாகிவிடாது. வாரினுக்கு நல்லது, தொரால்டுக்கு நல்லது, எனக்கும் ஆசை. ஒரே மூட்டையில் மூன்றும் இருந்தால் வாங்குபவன் ஏன் முகம் சுளிக்க வேண்டும்? இதை அப்படியே அவனுக்குச் சொல்.

சுவரை ஒட்டி ஏன் கடை போடுகிறேன் என்று கேட்டிருந்தாய். அங்கே காற்று அடிப்பதில்லை.

சிவார்ட்

*

நாட்டிங்காம், பிரெஞ்சுப் பக்கம்
மெழுகுவர்த்தித் திருநாள்

நாத்தனார் குன்னில்டுக்கு அவிஸின் அன்பு. உங்கள் வீட்டில் எல்லோரையும் கர்த்தர் காக்கட்டும்.

அவர் சொல்ல மாட்டார், அதனால் நான் சொல்கிறேன். கிறிஸ்து பிறப்புக்கு முன்பே படுத்தவர் இன்னும் எழவில்லை. உங்களுக்கு வந்த கடிதம் அவர் சொல்ல வாரின் எழுதியது. "கொஞ்சம் இருமல்னு போடு" என்றார். வாரின் என்னைப் பார்த்தான். "போடுடா" என்றார். இருமலில் கட்டில் ஆடுகிறது.

தெருக்காரர்கள் அதற்குள் பேசத் தொடங்கிவிட்டார்கள். ரோஜரிடமிருந்து வீட்டை மலிவாக வாங்கலாமா என்று ஒருவர் என்னிடமே கேட்டார். பெற்ற தாயிடம்! என் பாட்டனார் கடல் கடந்து வந்த நார்மன், எங்கள் சட்டம்தான் இது. அது நல்ல சட்டம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது வாரின் மனைவியின் வயிற்றைப் பார்க்கும்போது அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

சனிக்கிழமையானால் சன்னலைத் திறக்கச் சொல்கிறார். குளிர் உள்ளே வருகிறது, வேண்டாம் என்றால் கேட்பதில்லை. சந்தைச் சத்தத்தில் என்னவோ தேடுகிறார்.

உங்கள் தம்பியிடம் சொல்வீர்களா?
அவிஸ்

*

லிங்கன்

அல்ரிக், சுகமா? அண்ணி எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். சாமியாரை வாசிக்கச் சொல்லிக் கேள். பிறகு எழுந்து சுவரைத் தாண்டிப் போ. வீட்டைக் கொடு, கொடுக்காதே. போ.
அக்கா

*

நாட்டிங்காம், இங்கிலீஷ் பக்கம்
தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறு

அக்காவுக்கு அல்ரிக். நாங்கள் சுகம். அவனும் பிழைத்துக்கொள்வான் என்று தோன்றுகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

போனேன். சுவரில் வாசல் இருக்கும் இடமே எனக்கு மறந்துவிட்டது, ஒரு பிரெஞ்சுப் பையனிடம் கேட்டேன். அவன் நம் பேச்சைத்தான் பேசினான், என்னைவிட நன்றாக. கதவைத் திறந்த அண்ணி ஒதுங்கி வழி விட்டார்கள். உள்ளே போனால் கட்டிலில் பாதி ஆளாகக் கிடக்கிறான். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"யாரு, இங்கிலீஷ்காரனா? வழி தெரிஞ்சுதா?"

"படுடா கிழவா. பிரெஞ்சுக்காரன் மாதிரி நடிக்காத."

"வீட்டைக் குடுக்க வந்தியா?"

"சாவ மாட்டியான்னு பாக்க வந்தேன்."

"மாட்டேன். உன்கூட வீட்டை மாத்தாம சாவ மாட்டேன்."

அதற்குமேல் இருமல். நான் பிடித்துக்கொண்டேன். முதுகு அப்பாவின் முதுகு மாதிரியே இருக்கிறது, அக்கா. எலும்பு அதே இடத்தில் தள்ளியிருக்கிறது.

கொஞ்சம் அடங்கியதும், "சனிக்கிழமை உன் கத்தலே கேக்கலியே ரெண்டு வாரமா. ஏன்?" என்று கேட்டான். தொண்டை கட்டியிருந்தது, தொரால்டை விட்டுக் கூவச் சொன்னேன் என்றேன். "அதான். அவன் கூவறது நல்லாவே இல்ல. எடுத்த எடுப்புலயே விலையைச் சொல்லிடறான்" என்றான். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இத்தனை வருடமாக என் வியாபாரத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

அண்ணி ஒரு கிண்ணத்தில் குழம்பும் ரொட்டியும் கொடுத்தார்கள். குளிரில் நடந்து வந்த பசி. இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடித்தேன். கோழிக்கு இத்தனை ருசியா, என்ன போட்டீங்க என்று கேட்டேன். அண்ணி ரொட்டி எடுத்து வர உள்ளே போய்விட்டார்கள். கட்டிலில் இருந்தவன் சிரித்த சிரிப்பில் மறுபடி இருமல் வந்தது. இனி அந்தப் பேச்சை யாரும் எடுக்க வேண்டாம்.

கில்பர்டைப் பற்றி நான் எழுதாததை நீங்கள் படித்துவிட்டீர்கள் என்று தெரிகிறது. சரி. போன வாரம் என் தையல் ஊசிப் பெட்டியைப் பகடையில் வைத்துவிட்டான். வீட்டை வைக்க எத்தனை நாள் ஆகும்?

உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு மாற்றிக்கொள்கிறோம்.
அல்ரிக்

*

நாட்டிங்காம்
உயிர்ப்புத் திருநாள் கழிந்த இரண்டாம் வாரம்

தங்கைக்கு அண்ணன் ஆசி. உன் மகளுக்குச் சுகப்பிரசவம் என்று ஓர்ம் சொன்னார், மகிழ்ச்சி. நான் நடக்கிறேன், தடியோடு. இது என் கையெழுத்துதான், பார்த்துக்கொள்.

மாற்றுப் படலம் முடிந்தது. எப்படி முடிந்தது என்பதைக் கேள்.

இரண்டு பக்கத்து மணியக்காரர்களும் வந்தார்கள். யார் வழக்கப்படி முதலில் என்று அவர்களுக்குள் தகராறு. கடைசியில் இரண்டுமே என்று முடிவாயிற்று. பிரெஞ்சுப் பக்கத்தில் கோலை ஒடித்து அல்ரிக்கின் கையில் கொடுத்தேன், என் வீடு அவனுடையதாயிற்று. பிறகு சுவரைத் தாண்டி அப்பா வீட்டுக்கு வந்தோம். அங்கே நம் வழக்கம் உனக்குத் தெரியுமே: அடுப்பை அணைத்து, எல்லோரும் வெளியே வந்து, முற்றத்து மண் ஒரு கட்டியைப் புது ஆளின் கையில் வைக்க வேண்டும். அல்ரிக் வைத்தான். கனமாக இருந்தது. ஊரே கைதட்டியது.

மணியக்காரர்கள் இருவரும் சாட்சிகளிடம் பேசிக்கொண்டிருக்க, நான் மண்ணோடு நிற்க, அல்ரிக்கைக் காணோம். பார்த்தால் பழக்கத்தில் வீட்டுக்குள் போய், அணைந்த அடுப்பண்டை தன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டான்! "தொரால்ட், பீர் கொண்டாடா" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது.

இங்கிலீஷ் மணியக்காரர் தலையில் கை வைத்தார். "போச்சு. அடுப்பண்ட உக்காந்துட்டான். புது ஆளு நுழையறதுக்கு முன்னாடி பழைய ஆளு அடுப்பண்ட உக்காந்தா வீடு திரும்பவும் அவனுது."

"அப்ப எங்க பக்கத்து வீடு?" என்றார் பிரெஞ்சு மணியக்காரர்.

"அதையும்தான் குடுத்தாச்சே. அதுவும் அவனுது."

தங்கச்சி, அந்த நேரத்தில் என் தம்பிக்கு இரண்டு வீடு, எனக்கு ஒரு மண்ணாங்கட்டி. வாரின் தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கில்பர்ட் முன்னால் வந்தான். "அப்பா, எழுந்திரிக்காதீங்க. சட்டமே நம்ம பக்கம் பேசுது!"

நான் வாசலில் நின்றேன். அல்ரிக் முக்காலியில் உட்கார்ந்தபடி கூரையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ரெண்டு வீடு" என்றான். "நல்லாத்தான் இருக்கு."

பிறகு எழுந்து வெளியே வந்தான். என் கையிலிருந்த மண்ணை வாங்கிக் கீழே போட்டுவிட்டு, முற்றத்தில் குனிந்து புதிதாக ஒரு கட்டி பெயர்த்தான், முன்பைவிடப் பெரியது. அதை என் கையில் வைத்து அழுத்தினான்.

"உள்ள போ, அண்ணே. சீக்கிரம் போய் உக்காரு. எனக்குக் கால் வலிக்குது, திரும்ப உக்காந்துடப் போறேன்."

அவன் என்னை அண்ணே என்று கூப்பிட்டான். நான் போய் உட்கார்ந்தேன்.

ரோஜருக்குப் பத்துக் கட்டு நல்ல துணி கப்பலில் போகிறது, அவன் பங்காக, என் அன்போடு. கில்பர்டைக் கோட்டையில் குதிரை பார்க்கச் சேர்த்துவிட்டோம். அங்கே பகடையில் வைக்க அவனிடம் வைக்கோல்தான் இருக்கும்.

உன் முழங்காலைப் பார்த்துக்கொள்.
சிவார்ட், இப்போது இங்கிலீஷ் பக்கத்திலிருந்து

*

லிங்கன்
அறுவடைத் திருநாள்

அண்ணனுக்கும் தம்பிக்கும் சேர்த்துக் குன்னில்ட் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் சுகம் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன்.

வீடு மாறியதைச் சொன்ன கடிதத்துக்குப் பிறகு ஒருவரும் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. முதலில் பயந்தேன். பிறகு ஓர்ம் வந்து சொன்னார். இப்போதும் சனிக்கிழமை தோறும் இருவரும் சுவரை ஒட்டியே கடை போடுகிறீர்களாம், ஆனால் பக்கம் மாறி. "ஏ பிரெஞ்சுக்காரா, சேணம் என்ன விலை?" என்று அண்ணன் சுவருக்கு மேலே கத்துவதும், "இங்கிலீஷ்காரனுக்கு விக்கறதில்ல" என்று தம்பி திருப்பிக் கத்துவதும், வாங்க வந்தவர்கள் தலை சுற்றிப் போவதுமாக இருக்கிறதாம். ஓர்முக்கே யார் எந்தப் பக்கத்துக்காரர் என்று குழப்பம். எனக்கும்தான். அவிஸ் அண்ணி இங்கிலீஷ்காரி, அல்ரிக் பிரெஞ்சுக்காரன், நம் தாத்தா எழுந்து வந்தால் யாரைப் பேரன் என்பார், யாரை நார்மன் என்பார் என்று தெரியவில்லை.

வாரினுக்கு ஆண் பிள்ளை பிறந்ததும், அவன் அதற்கு அல்ரிக் என்று பெயர் வைக்கப் போனதும் தெரியும். "இந்தக் காலத்துல அந்தப் பேரை யார்டா வெப்பா? ரிச்சர்ட்னு வை, புள்ள பிழைக்கட்டும்!" என்று சின்ன தாத்தா அல்ரிக் கோயிலிலேயே சண்டை போட்டாராம். போட்டுத் தோற்றாராம். நல்லது. குட்டி அல்ரிக்குக்கு என் முத்தம். அந்த வீட்டில் இன்னொரு அல்ரிக் தவழ்வதைப் பார்க்க இலையுதிர் காலத்தில் வருகிறேன். முயல் குழம்பு செய்து வைக்கச் சொல்லுங்கள். என் பக்கத்தில் அல்ரிக்கை உட்காரவைத்துப் பரிமாற வேண்டும்.

எனக்கு நீங்கள் எழுதாததில் வருத்தமில்லை. முன்பு உங்கள் பேச்சு சுவரைத் தாண்ட லிங்கன் வரைக்கும் வந்து போக வேண்டியிருந்தது. இப்போது வழி சுருங்கிவிட்டது.

இந்தக் கடிதம் ஒன்றுதான் அனுப்புகிறேன், இரண்டு எழுதச் சாமியாருக்குக் கை வலிக்கிறதாம். அதனால் அண்ணன் இதைச் சனிக்கிழமை சந்தையில், சுவர் ஓரமாக நின்று, அந்தப் பக்கத்துக்கும் கேட்கும்படி உரக்க வாசிக்கவும்.

குன்னில்ட்